பாலைவெளியில் ஒரு பம்பு

அமெரிக்கா சென்று திரும்பியவர்கள் நம் ஆண்டு மலரில் எழுதும்போது நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி எழுதுவார்கள். சுதந்திர தேவி சிலையைப் பற்றி எழுதுவார்கள். அங்குள்ள நூலகங்களைக் கண்டு வியந்து, நம் நூலகத்தை எண்ணிப் பெருமூச்சு விடுவார்கள். 2023 கோடை விடுமுறையில், தடையின்மைச் சான்று பெறுவதற்கே இரண்டு மாத காலம் அலைந்து, டென்வர் நகரில் வாழும் என் மகன் வீட்டிற்குச் சென்று வந்த நான், அவற்றுள் எதையும் எழுதப் போவதில்லை. இரண்டு உள்ளங்கைகளில் அடங்கிவிடும் ஒரு சிறிய தண்ணீர்ப் பம்பைப் பற்றி எழுதப் போகிறேன். இயற்பியல் மாணவர்கள் பொறுமையோடு படிப்பார்கள் என்று நம்புகிறேன். தமிழ்த் துறை நண்பர்கள் இடையில் வரும் மலைகளுக்காகப் படிக்கலாம்.

முதலில் அந்தப் பம்பு குடியிருந்த வீட்டைச் சொல்லவேண்டும். ‘டிராவல் டிரெய்லர்’ என்பது தனக்கென எஞ்சின் இல்லாத, வேறொரு வண்டியின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்கிற சக்கர வீடு. 1930-களிலேயே அமெரிக்கர்கள் இதன்மேல் மோகம் கொண்டுவிட்டார்கள். என் மகன் 2022-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இத்தகைய வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தான். நீளம் 22 அடி. உள்ளே கட்டில், சமையல் மேடை, குளிர்பெட்டி, ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே காத்திருக்க வேண்டிய குளியலறை, எல்லாம் உண்டு. “நம்ம முதல் வாடகை வீடு இதைவிடச் சின்னதுதாங்க” என்று என் துணைவியார் சொன்னது மிகையன்று.

இவ்வண்டிக்குத் தண்ணீர் இரண்டு வழிகளில் கிடைக்கும். கட்டணம் கட்டித் தங்கும் முகாம்களில் குழாய் இணைப்பு இருக்கும். ஒரு ரப்பர்க் குழாயை மாட்டிவிட்டால் ஊராட்சித் தண்ணீர் தன் அழுத்தத்திலேயே வண்டிக்குள் வந்துவிடும். அத்தகைய வசதி இல்லாத இடத்தில் வண்டியின் சொந்தத் தொட்டிதான் கதி. எங்கள் வண்டியின் தொட்டி 40 காலன் கொள்ளும். அமெரிக்கக் காலன் நாம் பழைய புத்தகங்களில் படித்த இங்கிலாந்துக் காலனைவிடச் சிறியது, 3.785 லிட்டர்தான். ஆக ஏறத்தாழ 150 லிட்டர்.

நம் வீடுகளில் தொட்டி மொட்டைமாடியில் இருக்கிறது, குழாய் கீழே இருக்கிறது. புவியீர்ப்பு விசை சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கிறது. டிரெய்லரில் இது தலைகீழ். கூரைமீது 150 கிலோ எடையை வைத்துக்கொண்டு மணிக்கு 60 மைல் வேகத்தில் வளைவில் திரும்ப முடியாதல்லவா? எனவே தொட்டியைத் தரைக்குக் கீழே இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் வைத்துவிடுகிறார்கள். கீழிருந்து மேலே நீரைத் தூக்கவும் குழாய்களில் தள்ளவும் ஒரு பம்பு தேவைப்படுகிறது. அது கட்டிலுக்கு அடியில், ஒரு பலகைக்குப் பின்னே ஒளிந்திருக்கும்.

நம் கிணற்று மோட்டார் இறக்கையைச் சுழற்றி நீரை வீசுகிற வகை. இது வேறு வகை. 12 வோல்ட் நேர்த்திசை மின்னோட்டத்தில் ஓடும் சிறிய மோட்டார். அதன் முனையில் சாய்வாகப் பொருத்திய தட்டு தள்ளாடியபடி சுழலும். அந்தத் தள்ளாட்டம் ஒரு ரப்பர்ச் சவ்வை மூன்று அறைகளில் மாறிமாறி இழுக்கும், அமுக்கும். நீர் உள்ளே வர ஒரு வால்வு, வெளியே போக ஒரு வால்வு. போன நீர் திரும்பி வராமலிருக்க ஒருவழி வால்வு. நிமிடத்திற்கு 3 காலன், அதாவது 11 லிட்டர் கொடுக்கும். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சதுர அங்குலத்துக்கு 55 பவுண்டை எட்டியதும் தலைப்பகுதியிலுள்ள அழுத்தச் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 55 பவுண்டு என்பது ஏறத்தாழ 127 அடி உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். குழாயைத் திறந்தால் அழுத்தம் இறங்கும், பம்பு மறுபடி ஓடும்.

ஆகவே இதன் உடல்நலத்தைக் காதாலேயே அறியலாம். குழாயைத் திறந்தும் சத்தமே இல்லையென்றால் மின்சாரத்தில் குறை. சத்தம் இருந்து நீர் இல்லையென்றால் உறிஞ்சும் பக்கத்தில் குறை, அல்லது வயிற்றுக்குள்ளேயே குறை. யாரும் குழாயைத் தொடாத நள்ளிரவில் ‘டுர்ர்’ என்று ஒரு கணம் ஓடி நின்றால், எங்கோ நீர் கசிகிறது. அல்லது ஒருவழி வால்வு பழுதாகி நீர் தொட்டிக்கே திரும்புகிறது. மருத்துவர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்பது போலத்தான்.

இனிப் பயணத்திற்கு வருகிறேன். மே மாதக் கடைசியில், நாங்கள் ஊர் திரும்ப ஒன்பது நாட்களே இருக்கும்போது, ஊட்டா மாநிலத்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள ‘கடவுளரின் பள்ளத்தாக்கு’ என்னும் இடத்திற்குப் புறப்பட்டோம். நான், துணைவியார், மகன், மருமகள், ஏழு வயதுப் பேரன், எட்டு மாதப் பேத்தி. டென்வரிலிருந்து 400 மைலுக்கு மேல். முதல் இரவு கொலராடோ மாநில எல்லையருகே கார்ட்டெஸ் நகரில், தண்ணீர் இணைப்புள்ள முகாமில் தங்கினோம். அங்கே பம்புக்கு வேலையில்லை.

மறுநாள் நவாஹோ மக்களின் நிலத்தின் வழியே சாலை சென்றது. ஒரு பெட்ரோல் நிலையத்தில் எங்களுக்கு முன்னால் நின்ற சிறு லாரியின் பின்புறம் முழுவதும் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி. முதியவர் ஒருவர் அதன் மூடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குத் தண்ணீர் கொண்டு போகிறார் என்று மகன் விளக்கினான். நவாஹோ நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கு இன்றும் குழாய்நீர் இல்லை. பல மைல் சென்று ஏற்றி வருகிறார்கள். நாங்கள் ஊர் திரும்பிய சில நாட்களில், 2023 ஜூன் 22 அன்று, அந்நாட்டு உச்சநீதிமன்றம் இது தொடர்பான வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அவர்களுக்கு நீரை உறுதிசெய்யும் நடவடிக்கைகளை எடுக்க 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கை அரசைக் கட்டாயப்படுத்தவில்லை என்று ஐந்து நீதிபதிகளும், மாறாக நான்கு நீதிபதிகளும் கருதினார்கள். நம் ஊர்ச் சாலையில் காலிக் குடங்களோடு பெண்கள் அமர்ந்து மறியல் செய்வதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த வெள்ளைத் தொட்டி அந்நியமாகத் தோன்றவில்லை.

பள்ளத்தாக்கை என்ன சொல்லி விவரிப்பது! செம்மண் நிறத்தில் மணற்பாறைகள் கோபுரம் கோபுரமாக நிற்கின்றன. சில பாறைகள் தேர் போலவும், சில கோழி அடைகாப்பது போலவும் தெரிகின்றன. நடுவே 17 மைல் நீளத்துக்குத் தார் காணாத மண்பாதை. மத்திய அரசின் நிலம், கட்டணமில்லாமல் தங்கலாம். கட்டணமில்லாத இடத்தில் தண்ணீர், மின்சாரம், கழிவறை, கைப்பேசித் தொடர்பு எதுவுமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதையின் தொடக்கத்திலேயே ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினோம். மாலை வெயில் பட்டுப் பாறைகள் கனன்றன. துணைவியார் நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருட்டும் நேரத்தில் மருமகள் குழந்தையின் பால் புட்டிகளைக் கழுவக் குழாயைத் திறந்தாள். ஒரு குவளைத் தண்ணீர் வந்தது, பிறகு இருமியது, பிறகு வெறும் காற்று. கட்டிலுக்கு அடியில் மோட்டார் மட்டும் நில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“பம்பு போயிடுச்சுப்பா” என்றான் மகன். “காலையில கிளம்பித் திரும்பிடலாம்.”

அவன் குரலில் எரிச்சல் இல்லை. அதைவிடக் கனமான ஒன்று இருந்தது. முதல் முறையாக விமானம் ஏறி வந்த தாய்க்கு, மூன்று ஆண்டுகளாகத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வைத்திருந்த இடம் இது. மருமகளிடம் தாழ்ந்த குரலில், “அம்மாவை இவ்வளவு தூரம் கூட்டிவந்து குடிக்கத் தண்ணியில்லாம உட்கார வச்சிட்டேன்” என்றது என் காதிலும் விழுந்தது. பத்து வயதில் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நள்ளிரவிலும் என்னை எழுப்பியவன், முப்பத்து நான்கு வயதில் ஒரு பம்பைப் பற்றி என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டான். நானாகத் தலையிட்டால் பேராசிரியர் வகுப்பெடுக்க வந்துவிட்டார் என்று தோன்றுமோ என்று நானும் தயங்கினேன்.

தயக்கத்தை உடைத்தவர் துணைவியார்தான். “ஏங்க, பம்பு கிடக்கட்டும். தொட்டியில தண்ணி இருக்கா, இல்லையா? அதை முதல்ல பாருங்க” என்றார். உலகத்திலுள்ள பம்பு நூல்களெல்லாம் முதல் பக்கத்தில் எழுதும் கேள்வி இதுவே.

சுவரில் ஒரு பொத்தானை அழுத்தினால் தொட்டியின் அளவை நான்கு சிறு விளக்குகள் காட்டும். நான்கும் எரிந்தன. ஆனால் இந்த விளக்குகளை நம்பக் கூடாது. தொட்டிச் சுவரிலுள்ள உலோக முனைகளில் உப்புப் படிந்தால் காலித் தொட்டியையும் நிறைதொட்டி என்று காட்டும். வண்டிக்கடியில் தவழ்ந்து, தொட்டியைக் காலி செய்வதற்காக வைத்திருக்கும் சிறு குழாயைத் திருகினேன். குளிர்ந்த நீர் முழங்கையை நனைத்தது. மருமகள் பாத்திரத்தோடு ஓடி வந்தாள். நீர் இருக்கிறது, அதை மேலே தூக்கத்தான் ஆளில்லை. இரவுக்குக் கவலை நீங்கியது. பால் புட்டிகள் எரிவாயு அடுப்பில் கொதித்தன.

“சரிப்பா, அடுத்து என்ன பாக்கணும்?” என்று மகன் கேட்டான். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

அடுத்தது மின்சாரம். மோட்டார் ஓடுவதால் ஃபியூசும் சுவிட்சும் நலமே. ஆனால் சோர்ந்த மின்கலத்தில் மோட்டார் சத்தம் போடுமே தவிர அழுத்தம் தராது. மகனிடம் மல்டிமீட்டர் இருந்தது. பம்பின் கம்பிகளில், பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கச் சொன்னேன். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஓடாதபோது அளந்தால், துருப்பிடித்த இணைப்புகூட முழு வோல்ட்டேஜையும் காட்டி ஏமாற்றும், மின்னோட்டம் பாயும்போதுதான் அதன் மின்தடை வெளிப்படும். 12.3 வோல்ட் காட்டியது. மின்சாரத்தின்மேல் குற்றமில்லை.

மூன்றாவது, உறிஞ்சும் பாதை. இங்கே என் தந்தையாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் எட்டாம் வகுப்பைத் தாண்டாத விவசாயி. எங்கள் கிணற்றில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று இருந்தது. அடியிலுள்ள ஃபுட் வால்வு சரியாக மூடாவிட்டால் குழாயிலுள்ள நீர் இரவோடிரவாகக் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் மோட்டார் வெறுமனே சுற்றும். அப்போது அவர் சாணியைக் கரைத்துக் குழாய்க்குள் ஊற்றுவார். சாணி இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும், நீர் நிற்கும். அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு ஒன்று உண்டு: தள்ளுகிற குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வந்து காட்டிக்கொடுக்கும், இழுக்கிற குழாயில் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், ஈரமே தெரியாது.

நாம் வகுப்பில் டாரிசெல்லியின் 1643-ஆம் ஆண்டுச் சோதனையை நடத்தும்போது சொல்வதும் இதுதான். பம்பு நீரை இழுப்பதில்லை. பம்பு உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியிலுள்ள வளிமண்டலம் நீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அதிகபட்சம் 34 அடி வரை தள்ளும். நாங்கள் நின்ற இடம் கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலான உயரம். அங்கே 30 அடிகூட ஏறாது. எங்களுக்கு வேண்டியதோ ஒன்றரை அடிதான். ஆனால் நடுவில் ஒரு மயிரிழை ஓட்டை இருந்தால், வளிமண்டலம் நீரைத் தள்ளும் வேலையை விட்டுவிட்டு அந்த ஓட்டை வழியே தானே உள்ளே வந்துவிடும். காற்று நீரைவிட எளிதில் நுழையக்கூடியது.

கட்டிலின் மெத்தையைத் தூக்கி, பலகையைக் கழற்றிப் பார்த்தோம். தொட்டியிலிருந்து வரும் குழாய், அதில் ஒரு மூவழித் திருகு, பிறகு கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கிண்ணத்தோடு கூடிய வடிகட்டி, பிறகு பம்பு. மூவழித் திருகு குளிர்காலத்திற்கானது: குழாய்களில் நீர் உறையாமலிருக்க, இளஞ்சிவப்பு நிறத் திரவம் ஒன்றைப் புட்டியிலிருந்து பம்பு வழியே உறிஞ்சி நிரப்புவார்கள். அத்திருகு புட்டியின் பக்கம் திரும்பியே கிடந்தால் பம்பு காற்றைத்தான் குடிக்கும். அது சரியாகவே இருந்தது. வடிகட்டியின் வலையும் சுத்தம். எங்கும் ஒரு சொட்டு ஈரமில்லை.

“ஊதுபத்தி இருக்கா?” என்று துணைவியாரைக் கேட்டேன். இல்லாமலா? கடல் கடந்தும் அவர் கைப்பையில் அது உண்டு. ஊதுபத்தியை ஏற்றி, பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டருகிலும் மெல்ல நகர்த்தினேன். புகை நேராக எழுந்துகொண்டே இருந்தது. வடிகட்டிக் கிண்ணத்தின் கழுத்தருகே வந்ததும், பழக்கிய பாம்பு போல் வளைந்து உள்நோக்கிப் போயிற்று. அதே நொடியில் வண்டியின் கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி பள்ளத்தாக்கே அதிர அலறத் தொடங்கியது. பேத்தி எழுந்து அழுதாள். மருமகள் ஒரு துண்டை வீசிக்கொண்டு, “மாமா, கண்டுபிடிச்சிட்டீங்களா, இன்னும் இருக்கா?” என்றாள்.

கிண்ணத்தைக் கழற்றி, ஒரு வாயை உள்ளங்கையால் அடைத்து, மறுவாயில் ஊதியபடி வாளி நீரில் அமிழ்த்தினான் மகன். கழுத்தோரம் குமிழிகள் வரிசையாக எழுந்தன. பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்ப்பதைப் பார்த்திராத பேரனுக்கு அது பெரிய வேடிக்கை. தலைமுடி போன்ற ஒரு விரிசல். மின்கம்பிக்குச் சுற்றும் நாடாவை இறுக்கிச் சுற்றி மறுபடி பொருத்தினோம்.

இந்த இடத்தில் நாங்கள் நிறுத்தியிருக்கலாம். நீர் வந்தது, ஆனால் நூல் போல் வந்தது. குழாயை மூடினால் பம்பு நிற்கவேண்டும், நிற்கவில்லை. எனவே பம்பின் வெளிவாயிலுள்ள குழாயைக் கழற்றி, அந்த வாயில் என் கட்டைவிரலை வைத்து அழுத்தி, ஓடவிடச் சொன்னேன். நலமான பம்பானால் 55 பவுண்டு அழுத்தம் விரலைத் தள்ளிக்கொண்டு பீறிடும். என் விரல் சிரமமின்றி நின்றது. ஐம்பத்தொன்பது வயது விரலிடம் தோற்கும் பம்பு இனி எதற்கு உதவும்? ஆக, குறை ஒன்றல்ல, இரண்டு.

அப்போதுதான் பேரன் வாய் திறந்தான். “தாத்தா, நேத்து கேம்ப்ல டேங்க் தானாவே ஃபுல் ஆச்சே, அதுவும் இதனாலயா?” கார்ட்டெஸ் முகாமில் காலையில் எழுந்தபோது தொட்டி நிரம்பி வழிந்திருந்ததாம்; நிரப்பும் வேலை மிச்சம் என்று மகன் மகிழ்ந்தானாம். வழக்கே முடிந்துவிட்டது! முகாமின் குழாய்நீர், பழுதான பம்பின் வால்வுகளைப் பின்பக்கமாகத் தாண்டித் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறது. ஒரே கேள்வியில் தாத்தாவின் ஒரு மணி நேரச் சோதனையை உறுதிசெய்த அச்சிறுவனுக்கு இரண்டு பிஸ்கோத்துகள் கூடுதலாகக் கிடைத்தன.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. டென்வரின் குளிர்காலம் கடுமையானது. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகிறது. சிவப்புத் திரவம் நிரப்பியாயிற்று என்று வண்டியை விற்றவர் சொல்லியிருந்தார். எங்கோ வடிகட்டியிலும் பம்பின் தலையிலும் சிறிது நீர் தேங்கி நின்றிருக்கவேண்டும். உறைந்தது, விரிந்தது, உடைத்தது. பிறகு உருகி ஒன்றும் அறியாதது போல் இருந்துவிட்டது.

மறுநாள் விடியற்காலை மகன் டிரெய்லரிலிருந்து வண்டியை மட்டும் பிரித்தெடுத்து, பேரனோடு கார்ட்டெஸ் நகருக்குப் புறப்பட்டான். போகும் வழி மட்டும் எண்பது மைலுக்கு மேல். “பேரைச் சொல்லிக் கேட்காதே, பழையதைக் கையில் கொண்டு போ” என்று பழைய பம்பையும் வடிகட்டியையும் துணியில் சுற்றிக் கொடுத்தேன். வாசர் வாங்கப் போனாலும் பழைய வாசரைக் கையில் கொண்டு போகிறவர்கள் நாம். தாளிலும் எழுதிக் கொடுத்தேன்: 12 வோல்ட், நிமிடத்திற்கு 3 காலன், 55 பவுண்டு, அரை அங்குலத் திருகு, வடிகட்டி ஒன்று. அந்த வடிகட்டி ஒன்றுக்காகத்தான் முந்திய இரவின் பாடெல்லாம். பம்பை மட்டும் வாங்கி வந்திருந்தால், புதிய பம்பும் அதே விரிசல் வழியே காற்றைக் குடித்து, இன்னொரு நூற்றறுபது மைல் ஓட்டம் வைத்திருக்கும்.

நாங்கள் காத்திருந்தோம். வெயில் ஏறியது. தொலைபேசி வெறும் கடிகாரமாக இருந்தது. துணைவியார் நிர்வாகத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டார். வண்டிக்கடியிலுள்ள குழாயில் பிடித்த நீரைப் பாத்திரங்களில் வரிசையாக அடுக்கி, இது குடிக்க, இது சமைக்க, இது குழந்தைக்கு, இது கழுவ, கழுவிய நீர் கழிவறைக்கு என்று வகுத்தார். 2017-ஆம் ஆண்டு வறட்சியில் எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை லாரி வந்தபோது கற்ற கலை. மாலை வரை மூன்று பெரியவர்களும் ஒரு குழந்தையும் புழங்கியதைக் கணக்கிட்டேன்: 25 லிட்டர். பம்பு நலமாக இருந்திருந்தால், குளிக்கிற குழாயை மூடாமல் ஒருவர் சோப்புப் போடும் நேரத்தில் தீர்ந்திருக்கும் அளவு இது. மருமகள் அதைக் கேட்டுவிட்டுக் குழாயை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

மூன்று மணி சுமாருக்குத் தொலைவில் செம்புழுதி கிளம்பியது. பேரன் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி இறங்கினான். விலை நூறு டாலருக்குச் சற்று மேல் என்றான் மகன். நம் பணத்தில் பெருக்கிப் பார்த்த துணைவியார், “ஒரு கிணத்து மோட்டாரே பாதி வந்துடும் போலிருக்கே” என்றார்.

பொருத்தும் வேலையை மகனே செய்தான். நான் விளக்குப் பிடித்தேன். முதலில் மின்கலத்தின் இணைப்பை நீக்கினான். அடியிலுள்ள நான்கு ரப்பர்க் கால்களில் திருகாணிகளை முழுக்க இறுக்காமல் விட்டான். இறுக்கினால் ரப்பர் நசுங்கி, பம்பின் அதிர்வு பலகைக்கு ஏறி இரவெல்லாம் உறுமும். தொட்டியிலிருந்து வரும் பக்கம் எது, குழாய்களுக்குப் போகும் பக்கம் எது என்று அம்புக்குறியைப் பார்த்து உறுதிசெய்தான். பிளாஸ்டிக் மூட்டுகளைக் கையாலேயே இறுக்கினான். நான் குறடை நீட்டினேன், “வேண்டாம்ப்பா, உள்ளே கூம்பு வாசர் இருக்கு. குறடு போட்டா மரை கிழிஞ்சிடும்” என்றான். அவன் சொன்னது சரி. இரும்புக் குழாயும் சணலும் கண்ட கைகளுக்கு இந்த மென்மை எளிதில் வருவதில்லை. சிவப்புக் கம்பியைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முறுக்கி மூடினான்.

குழாயைத் திறந்து வைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டான். பம்பு வறண்ட தொண்டையோடு சலசலத்தது. வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் மெல்ல ஏறுவதைப் பேரன் விரலால் தொட்டுக் காட்டினான். குழாய் இரண்டு முறை தும்மியது. பிறகு நீர் உருண்டு திரண்டு வந்தது. மகன் குழாயை மூடினான். சத்தம் கனத்துக் கனத்து, ‘டக்’ என்று நின்றது. அந்த நிசப்தத்திற்காகத்தான் நாங்கள் அனைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம் போலும். மருமகள் முதல் வேலையாகப் பால் புட்டியைக் கழுவினாள். மகன் கைகளைக் கழுவிக்கொண்டு வெளியே போய்த் தன் தாயின் அருகில் அமர்ந்தான். இருவரும் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. பாறைகள் மறுபடி சிவக்கும் வரை அங்கேயே இருந்தார்கள்.

அன்றிரவு நான் நெடுநேரம் உறங்கவில்லை. யாரும் குழாயைத் தொடாதபோது பம்பு ஒரு கணம் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். ஓடவில்லை. அடுத்த அறையிலிருந்து, “ஓடலைப்பா, தூங்குங்க” என்று மகனின் குரல் வந்தது.

இன்னும் இரண்டு நாள் அங்கே தங்கிவிட்டு, வழியெல்லாம் சுற்றிப் பார்த்துக்கொண்டு டென்வர் திரும்பினோம். குழாய்களைப் பிரித்து மாட்டியதால் தொட்டியைக் கிருமி நீக்கம் செய்தோம்; 15 காலன் நீருக்குக் கால் கோப்பை வெளுக்கும் திரவம் என்னும் கணக்கில் கலந்து, எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டு, ஓர் இரவு வைத்திருந்து, வாடை போகும்வரை நல்ல நீரால் அலசினோம்.

பழைய பம்பை எறிய மனம் வரவில்லை. பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அமெரிக்காவிலிருந்து ரிப்பேர் பம்பு கொண்டு வர்றவர் நீங்க ஒருத்தர்தான் சார்” என்று வழியனுப்பினார். கல்லூரி திறந்ததும் ஆய்வகத்தில் அதைப் பிரித்தோம். ரப்பர்ச் சவ்வு நலமாகவே இருக்கிறது. வால்வுகள் அமர்ந்திருக்கும் பிளாஸ்டிக் தகடுதான் இரண்டாகப் பிளந்திருக்கிறது. விரிசல் கண்ட வடிகட்டிக் கிண்ணமும் அருகில் உள்ளது. இரண்டும் இயற்பியல் ஆய்வகத்தில் பாரமானிக்குப் பக்கத்து அலமாரியில், இரண்டாம் தட்டில் இருக்கின்றன. பார்க்க விரும்பும் மாணவர்கள் எத்துறையினராயினும் ஆய்வக உதவியாளரிடம் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்க்கலாம். திருகாணிகள் ஏழு, திருப்பித் தரும்போது அவர் எண்ணிப் பார்ப்பார்.